எழுபத்தொன்றில் நிற்கும் நீலக் கோடு

"பத்தொன்பது யாருங்க" என்று தையல்நாயகி இரண்டாம் தடவையாகக் கூப்பிட்டும் பந்தலில் யாரும் அசையவில்லை. பத்தொன்பதுக்குக் காது கேட்காது போலிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருபதுதான் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டது. மெதுவாக வரட்டும், யார் துரத்துகிறார்கள், இந்த மே மாத வெயிலில் சப் டிரெஷரி என்கிற இந்தச் சார் கருவூலம் வரைக்கும் வந்து சேர்ந்ததே பெரிய காரியம். வருஷத்துக்கு ஒரு தடவை, ஏப்ரலில் ஆரம்பித்து ஜூன் முடிவதற்குள், சர்க்காரிடம் பென்ஷன் வாங்குகிறவர்கள் எல்லோரும் நேரில் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அதற்கு நேர்காணல் என்று பேர் வைத்திருக்கிறார்கள். என்னமோ வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி பேர், ஆனால் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான், இருக்கிறீர்களா. இருக்கிறேன் என்று முகம் சொன்னால், ஓய்வூதியப் புத்தகத்தில் ஒட்டியிருக்கிற போட்டோவோடு ஒத்துப் பார்த்து ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, அடுத்த வருஷம் வரைக்கும் கவலையில்லை. வராதவர்களுக்கு ஜூலையில் பணம் நின்றுபோகும். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் பதினேழு வருஷமாக அவள் இந்தக் கவுண்டரில்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஊரில் பாதிப் பேருக்கு அவள் தையல் மேடம், பஸ்ஸில் பார்த்தால்கூட எழுந்து இடம் கொடுப்பார்கள், அவளைவிட இருபது வயது மூத்தவர்கள் எழுந்துகொள்கிறார்களே என்று அவளுக்குத்தான் கூச்சமாக இருக்கும். பக்கத்துக் கவுண்டர் சிவசாமி இன்றைக்கு லீவு. அதனால் இரண்டு வரிசையும் ஒன்றாகி அவள் தலையில் விழுந்திருக்கிறது. அந்த வரிசையில், மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில், குடையை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, கைப்பிடியின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருக்கிற நாற்பத்தொன்று அவளுடைய வீட்டுக்காரர். பேர் கலியபெருமாள், நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. சிவசாமி இருந்தால் அந்தப் பக்கம் போயிருப்பார், பெண்டாட்டி கையால் சர்ட்டிபிகேட் வாங்குவது சரியாகாது என்று நினைக்கிற ஆள். இன்றைக்கு வேறு வழியில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவர் சட்டென்று மின்விசிறியைப் பார்த்தார்.

பார்க்க மாட்டார். எப்படிப் பார்ப்பார், செய்து வைத்திருக்கிற வேலை அப்படி. மேஜை இழுப்பறையில் இரண்டு காகிதம் இருக்கின்றன. ஒன்று விருப்ப ஓய்வு கேட்டு அவள் எழுதி, தேதி மட்டும் போடாமல் வைத்திருக்கிற கடிதம். இன்னொன்று அவர் காலையில் பஸ் ஸ்டாப்பில் டிபன் பாக்ஸோடு சேர்த்துக் கொடுத்த சுருள், ரப்பர் பேண்டு போட்டது, "பஸ்ஸில பிரிக்காத, ஆபீஸ்ல மேஜைல விரிச்சு வச்சுப் பாரு" என்று வேறு சொல்லிக் கொடுத்தார், அப்படிச் சொன்னால் யார்தான் பஸ்ஸில் பிரிக்காமல் இருப்பார்கள். பொங்கலுக்கு மகள் அகிலா ஓசூரிலிருந்து வந்திருந்தபோது, முட்டி வலியோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த எரிச்சலில், பேசாம எழுதிக் கொடுத்துட்டு வீட்டோட இருந்துடப் போறேன் என்று இவள் ஒரு வார்த்தை விட்டாள். ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அகிலா சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பென்சில் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முப்பத்துநாலு வருஷம் ஊரார் வயலுக்கெல்லாம் எல்லை வரைந்த கை, சும்மா இருக்குமா. நாலு மாதம் வரைந்திருக்கிறார். பஸ்ஸில் பாதியை விரித்துப் பார்த்தபோது பக்கத்து சீட்டுப் பெண், என்னக்கா வீட்டு பிளானா என்று கேட்டாள். வீட்டுப் பிளான்தான். வருஷத்துக்கு ஒரு வரி. அவர் சம்பந்தப்பட்டதெல்லாம் நீல மை, இவளுடையதெல்லாம் சிவப்பு, பொதுச் செலவு பச்சை. இடது ஓரத்தில் அவர் வயது அறுபத்தொன்று, வலது ஓரத்தில் இவள் வயது ஐம்பத்தைந்து, அப்புறம் ஒவ்வொரு வருஷமாகக் கீழே இறங்குகிறது. வீட்டுக் கடன் இன்னும் இருபத்தாறு தவணை. பால், கரண்டு, சர்க்கரை மாத்திரை, தீபாவளி, அகிலாவுக்கு, கோயில் குளம், எதிர்பாராதது. எதிர்பாராததற்குக்கூட எதிர்பார்த்து ஒரு தொகை எழுதியிருக்கிறாரே மனுஷன் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவளுடைய சிவப்பில் ஐம்பத்தெட்டு வரைக்கும் சம்பளம், அதற்கப்புறம் பென்ஷன். அந்த வரியின் அடியில், ஆகவே தையல் ஐம்பத்தெட்டு வரை பணியில் இருப்பதே உத்தமம் என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். சரி, சொன்னால் சரியாகத்தான் இருக்கும், மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட வேண்டியதுதான் என்று நினைத்து, அந்த நிமிஷத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது, அப்போது பஸ் நின்று இறங்க வேண்டியதாகிவிட்டது.

பத்தொன்பதுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். இருபது, இருபத்தொன்று. இருபத்திரண்டு தன் பேரனின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போனார். கை பாட்டுக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்க, மனசு பத்தரை மணி டீயிலேயே நின்றுகொண்டிருந்தது. டீயை ஓரமாக வைத்துவிட்டு மீதிச் சுருளை மேஜையில் விரித்தாள். ஒரு டிராயிங் ஷீட் போதாமல் கீழே இன்னொரு ஷீட்டைப் பசை தடவி ஒட்டியிருந்தார், ஒட்டு தெரியாமல் ஒட்டுவதில் அவர் கெட்டிக்காரர். முதலில் கண்ணில் பட்டது காப்பிப் பொடி. முக்கால் கிலோ முக்கால் கிலோ என்று இறங்கிக்கொண்டே வந்தது ஒரு வரியில் கால் கிலோ ஆகிவிட்டது. இதென்ன, எழுதும்போது கை தவறிவிட்டதா, கால் கிலோ இவருக்கு ஒரு வாரம் காணாதே. பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தாள். செய்தித்தாள், நிறுத்தம். மாத்திரை, ஒரு நபர். சவரம், வெறும் கோடு. அப்புறம்தான் இடது ஓரத்துக்குப் போனாள். நீலம் எழுபத்தொன்று வரைக்கும் வந்து, அந்த ஒட்டுக்கு அரை அங்குலம் மேலே நின்றுவிட்டது. நின்ற இடத்தில் ஒரு சின்ன வட்டம், உள்ளே ஒரு புள்ளி. நிலத்தின் எல்லை முடிகிற இடத்தில் கல் நட்டிருக்கிறது என்று காட்ட வரைபடத்தில் போடுகிற குறி அது, கல்யாணமான புதிதில் அவரேதான் சொல்லிக்கொடுத்தார். ஒட்டுக்குக் கீழே இருந்தது முழுக்கச் சிவப்பு. இவளுடைய அறுபத்தாறிலிருந்து எண்பத்தைந்து வரைக்கும், அந்தத் தாள் முழுக்கவும் அவள் ஒருத்திக்காக. எழுபத்தொன்றாம் வரியில் மட்டும் பச்சையில் ஒரு தொகை, காரியச் செலவு என்று. விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்துப் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில், மேளம் வேண்டாம். டீயில் ஆடை படிந்துவிட்டது. அவள் ஷீட்டைச் சுருட்டி ரப்பர் பேண்டைப் போட்டாள், அது கை நழுவி எங்கேயோ போய் விழுந்தது, குனிந்து தேடினாள், தேடுகிற சாக்கில் மேஜைக்குக் கீழேயே கொஞ்ச நேரம் இருந்தாள்.

இருபத்தேழு ஒரு பெண்மணி. புதுசு, போன வருஷம் வரைக்கும் இந்தப் புத்தகத்தில் புருஷன்தான் வந்துகொண்டிருந்தார், பொதுப்பணித் துறையில் பியூன், எப்போதும் வெற்றிலை வாய். புத்தகத்தில் ஒட்டியிருக்கிற போட்டோவில் இரண்டு பேரும் ஜோடியாக இருக்கிறார்கள், ஜோடியாக எடுத்துத்தான் ஒட்ட வேண்டும் என்பது சட்டம், பின்னால் யார் மிஞ்சினாலும் அடையாளம் தெரிய வேண்டுமே. குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுபது தாண்டிய அந்த அம்மாளிடம் அதைக் கேட்க தையல்நாயகிக்கு நாக்கு எழவில்லை, படிவத்தை நகர்த்தி, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மாளோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்துவிட்டு, "ஒருத்தரோட பட்டது போதாதா தாயி" என்று சிரித்தாள். கையெழுத்துப் போட்டாள், எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. அப்புறம் போகாமல் நின்று, "சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் வாசக் கதவைத் தொறந்து வச்சிடறேன். பழக்கமாயிடுச்சு. மருமவ திட்டுறா, கொசு வருதுன்னு" என்றாள். போயிட்டு வாங்கம்மா என்றாள் தையல்நாயகி. அவளுக்கு ஆறு மணிக்குக் கதவைத் திறந்து வைக்கிற பழக்கமெல்லாம் கிடையாது, திறந்து வைக்கிறவர் அவர்தான், அதுவும் ஏழு மணிக்கு. கதவைத் திறந்து வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கும் வந்து நிற்பார், பையை வாங்கிக்கொள்வார், பேசிக்கொள்ள மாட்டார்கள், அவள் முட்டியைத் தாங்கித் தாங்கி நடப்பாள், அவர் அதற்குத் தகுந்த மாதிரி மெதுவாக நடப்பார். அவர் மெதுவாக நடப்பது இவளுக்காகவா, அவருக்கே அவ்வளவுதான் முடிகிறதா. இதை ஏன் இத்தனை நாளாக யோசிக்கவில்லை. இருபத்தெட்டு யாருங்க.

யோசிக்கவில்லையா, யோசிக்க நேரமில்லை, அதுதான் நிஜம். போன வருஷம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் உட்கார்ந்து ஆயிரத்துச் சொச்சம் பேரை நேர்காணல் செய்தாள், படுத்த படுக்கையாக இருந்தவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள், ஒருத்தர் விட்டுப்போகவில்லை என்று ஆபீசர் தணிகாசலம் எல்லோருக்கும் எதிரில் பாராட்டினார். ஜூலை மாதம் கலியபெருமாளுக்குப் பென்ஷன் வரவில்லை. அவரைத் தினம் பார்க்கிறாள் அல்லவா, அதனால் பார்க்க வேண்டியவர்கள் கணக்கில் அவர் வரவே இல்லை. அவரும், இவதான் அங்க இருக்காளே, போட்டிருப்பா என்று இருந்துவிட்டார். சர்க்கார் ஏட்டின்படி அந்த மனுஷன் உயிரோடு இருப்பதை யாரும் பார்க்கவில்லை. நான் உயிருடன் இருக்கிறேன் என்று முத்து முத்தாக எழுதி, இதே கவுண்டரில் கொண்டுவந்து அவளிடமே மனு கொடுத்தார். ஆபீஸே சிரித்தது. "வீட்ல ஆள் இருக்காரா இல்லையான்னு கவனிக்கிறதில்லியா மேடம்" என்று தணிகாசலம் கேட்டார், நல்ல மனுஷன், விளையாட்டாகத்தான் கேட்டார், அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, பாலம் தாண்டுகிற வரைக்கும் ஒன்றுமில்லை, பாலம் தாண்டியதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு இறங்கியதும் முதல் வேலையாக அவரை நன்றாகப் பார்த்தாள். காது மடலில் முடி எல்லாம் எப்போது வெளுத்தது. சட்டை தோளில் ஏன் இவ்வளவு தொளதொளவென்று தொங்குகிறது. இடது கையை வீசாமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நடக்கிறாரே, இது எத்தனை நாளாக. என்ன அப்படிப் பாக்கற என்று கேட்டார். ஒண்ணுமில்லை, நேர்காணல் என்றாள். இரண்டு நாள் அப்படிப் பார்த்தாள். மூன்றாம் நாள் தணிக்கை வந்துவிட்டது, மறுபடியும் காலையில் ஏழே முக்கால் பஸ், ராத்திரி ஏழே கால் பஸ், ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது, அந்தப் பார்வை எங்கேயோ கைமறதியாக வைத்த பொருள் மாதிரி போய்விட்டது.

முப்பத்துமூன்று, முப்பத்துநாலு. வரிசை இன்றைக்கென்று பார்த்து வேகமாக நகர்கிறது. பன்னிரண்டே கால். தணிகாசலம் ஒரு மணிக்கு மாவட்டத் தலைமை அலுவலகத்துக்குக் கிளம்புகிறார், பதவி உயர்வுப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார், அதில் அவள் பேர் முதலில் இருக்கிறது. "எழுதிக் கொடுக்கறதா இருந்தா நான் கிளம்பறதுக்குள்ள கொடுத்துடுங்க மேடம், இல்லாட்டி பட்டியலோட பேரும் மேல போயிடும், பேர் போனப்புறம் பின்வாங்கினா நல்லாருக்காது" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். பதவி உயர்வு என்றால் சம்பளம் கூடும், ஊர் மாறும், இன்னும் ஒன்றரை மணி நேரம் பஸ். கூட்டிப் பார்த்தாள். கழித்துப் பார்த்தாள். இப்போது விட்டால் பணிக்கொடை வந்து வீட்டுக் கடனை அடைத்துவிடலாம், அது நல்லது. மூன்று வருஷச் சம்பளம் போகும். பென்ஷன் மாசம் நாலாயிரத்துச் சொச்சம் குறையும், அது ஆயுசுக்கும் குறைவுதான். அவர் அதையும் விடவில்லை, ஒட்டுக்குக் கீழே பென்சிலால் பொடிசாக எழுதியிருக்கிறார், இப்போது விட்டால் எழுபத்தொன்பதில் கை கடிக்கும் என்று. எழுபத்தொன்பதில் அவளுக்குக் கை கடிக்கக் கூடாதென்று அறுபத்தொன்றில் உட்கார்ந்து கவலைப்பட்டிருக்கிறார், அந்தக் கவலையில் தன்னை எழுபத்தொன்றில் முடித்துவிட்டு மேலே போய்விட்டார். கோபமாக வந்தது. யார் கேட்டார்கள் இவரை. பத்து வரியில் மூன்று வரியை இந்தக் கவுண்டரில் விட்டுவிட்டு, ஒட்டுக்குக் கீழே இருபது வரி தனியாக உட்கார்ந்து அவள் என்ன செய்வாள், வட்டி வாங்குவாளா. ஆனால் விட்டுவிட்டு வீட்டில் என்ன செய்வாள் என்பதும் கேள்விதானே. சமையலறை இப்போது அவர் ராஜ்யம். கடுகு டப்பாவில் கடுகு என்று எழுதி ஒட்டியிருக்கிறார், கண்ணுக்குத் தெரியாதா கடுகு. சாம்பாருக்குப் புளியை நிறுத்துப் போடுகிறார். பகலெல்லாம் இரண்டு பேரும் ஒரே கூடத்தில், பேச்சில்லாமல், எதிரும் புதிருமாக. அவள் பேரைச் சொல்லி ஒருத்தர்கூடக் கூப்பிட மாட்டார்கள், மேடம் என்று யாரும் எழுந்து இடம் விட மாட்டார்கள். பயமாகத்தான் இருக்கிறது. இல்லையென்று சொன்னால் பொய். முப்பத்தாறாவது ஆள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வர மறந்துவிட்டு, பேங்க் பாஸ்புக்கை நீட்டினார். போய் எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்கய்யா, ஜூன் வரைக்கும் இருக்கு என்றாள். ஜூன் வரைக்கும் இருக்கு. எல்லாருக்கும் அவள் நாள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

அகிலா என்ன சொல்வாள். அம்மா, உனக்கு எது தோணுதோ செய் என்பாள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான், நம் தலையிலேயே கட்டிவிடுவார்கள். எழுபத்தொன்பதில் ஓசூருக்குப் போய் அவளிடம் கை நீட்டி நிற்பது என்பது சின்ன விஷயமில்லை. அவள் மறுக்க மாட்டாள், அது வேறு. ஆனால் கேட்கிறபோது நாக்கு என்ன பாடு படும் என்று இவளுக்குத் தெரியும், இந்தக் கவுண்டரில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள், பென்ஷன் புத்தகத்தை மகன் பிடுங்கி வைத்துக்கொண்டவர்கள், மருந்துக்குக் காசில்லாமல் முன்பணம் கிடைக்குமா என்று மெல்லக் கேட்பவர்கள். நாலாயிரம் என்பது அப்போது நாலாயிரமா இருக்கும், நாலு லட்சம் மாதிரி இருக்கும். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதுதான் தொல்லை. தப்பாகப் போட்டிருந்தால் சண்டை போட்டுவிடலாம். ஆனால் அவளுக்கு எண்பத்தைந்து என்று யார் சொன்னது, மேலே இருக்கிற ஏட்டை யார் பார்த்துவிட்டு வந்தது. மூன்று வருஷம் கழித்து அவருக்கு அறுபத்துநாலு. அந்த இடது கை அப்போது எப்படி இருக்கும். மறுபடியும் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது எழுந்து வந்துகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் பெஞ்சில் இவர் சட்டைப் பையைத் தடவிப் பேனா இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார், தலைமுடியை உள்ளங்கையால் படிய வைத்துக்கொண்டார். அட, போட்டோ எடுக்கப் போகிறவர் மாதிரி. அவள் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"நாப்பத்தொண்ணு." அவர் வந்து குடையைக் கவுண்டர் ஓரத்தில் சாய்த்து, புத்தகத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். உக்காருங்க என்றாள், பரவால்ல என்றார். பேர் என்று கேட்டாள், கேட்கத்தான் வேண்டும். "கலியபெருமாள்" என்றார், சத்தமாக, பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி. வேற எங்கயும் சம்பளத்துக்கு வேலை பாக்கலியே. "பாக்கல." புத்தகத்தைப் பிரித்தாள். ஜோடிப் போட்டோ. மூன்று வருஷத்துக்கு முன்னால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் எடுத்தது, அவர் நேராகப் பார்க்கிறார், அவள் தோளில் கைப்பையோடு நிற்கிறாள், முகத்தில் எப்போது முடியும் என்ற அவசரம். போட்டோவைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆற அமர ஒத்துப் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில், "ஒட்டு வரைக்கும்தான் நீலம் வந்திருக்கு" என்றாள்.

"பாத்துட்டியா" என்றார். "ஒட்டுல பசை இருக்கில்ல, மை ஊறும். அதான் அங்கயே நிறுத்திட்டேன்."

"என் சிவப்பு மட்டும் ஊறலியா?"

அவர் குடையை எடுத்து வேறு பக்கம் சாய்த்து வைத்தார். "எங்கயாவது நிறுத்தித்தானே ஆகணும் தையலு. இல்லாட்டி கணக்கு முடியாது. அப்பாவுக்கு எழுபத்தொண்ணு. அண்ணனுக்கு எழுபதுதான். எனக்கு நான் தாராளமாத்தான் போட்டுக்கிட்டிருக்கேன்."

"பத்து வரி இருக்கு. அதுல மூணு வரி நான் இங்க உக்காந்திருக்கணுமா?"

"அப்பதான் உனக்கு எண்பத்தஞ்சு வரைக்கும் தடங்கல் இல்லாம வரும். கீழ பென்சில்ல எழுதியிருக்கேனே, பாக்கலியா. எழுபத்தொம்பதுல கடிக்கும். பொண்ணுகிட்ட போய் நிக்கக் கூடாது நீ."

"கடிக்கட்டும். எழுபத்தொம்பதுல காப்பிய நிறுத்திக்கறேன்."

"நீ நிறுத்த மாட்ட" என்றார். "கால் கிலோவே உனக்குப் பத்தாதுன்னு தோணிச்சு. மாத்தலாம்னு இருந்தேன்."

பின்னால் நின்ற நாற்பத்திரண்டு, பழைய ஹெட்மாஸ்டர், பொறுமையில்லாத மனுஷர், "என்னம்மா, ஐயாவுக்கு மட்டும் நேர்காணல் நீண்டுக்கிட்டே போவுது" என்றார். "இவர் கணக்குல ஒரு தப்பு இருக்குங்கய்யா, அதைச் சரி பண்ணிட்டு அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு தையல்நாயகி இழுப்பறையைத் திறந்தாள். கடிதத்தை எடுத்தாள். தேதி போடுகிற இடத்தில் இன்றைய தேதியைப் போட்டாள். எழுந்தபோது முட்டி பிடித்துக்கொண்டது, மேஜையைப் பிடித்து நின்று, ஒரு நிமிஷம் இருங்க என்று வரிசைக்குச் சொன்னாள். தணிகாசலம் கைப்பையோடு அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். "நல்லா யோசிச்சுட்டீங்களா மேடம்?" "யோசிச்சுட்டேன் சார்." அவர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற கலியபெருமாளைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், பட்டியலில் முதல் பேரைப் பேனாவால் அடித்துவிட்டு, கடிதத்தை மடித்து அதே பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இருபத்தெட்டு வருஷம், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையே என்று அவளுக்கு ஒரு வெறுமை தட்டியது, அது வந்த வேகத்தில் போய்விடவுமில்லை, அதோடேயே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "நாலாயிரத்துச் சொச்சம். மாசா மாசம்" என்றார், திட்டுகிற மாதிரி. கண் மட்டும் என்னவோ செய்துகொண்டிருந்தது. தெரியும் என்றாள். "முழு ஷீட்டையும் மறுபடி போடணும்." போடுங்க என்றாள், நான் பக்கத்துல உக்காந்து மை தொட்டுக் கொடுக்கறேன், என்னைக் கேக்காம எங்கயும் கல் நடக் கூடாது. புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள், முத்திரையை இரண்டு தடவை அழுத்திக் குத்தினாள், மை காய்கிற வரைக்கும் ஊதினாள், இத்தனை வருஷத்தில் வேறு யார் புத்தகத்துக்கும் அவள் ஊதியதில்லை. அவர் வாங்கிக்கொண்டார். இனி நகர வேண்டியதுதான், ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்தாகிவிட்டது. ஆனாலும் கவுண்டரில் இருந்த அவருடைய இடது கையின்மேல் தன் கையை வைத்து, நாற்பத்திரண்டும் நாற்பத்துமூன்றும் மொத்தப் பந்தலும் பார்க்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தாள். "அடுத்த வருஷம் வரிசையில எனக்கும் எடம் பிடிச்சு வைங்க" என்றாள்.

அவர் பந்தலைத் திரும்பிப் பார்த்தார். கீற்று இடுக்கு வழியாக வெயில் பெஞ்சுகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார்.

"மே வேண்டாம், உனக்கு வெயில் தாங்காது" என்றார். "ஏப்ரல் மொத வாரமே வந்துடுவோம்."